கிளைக்குப் போகாமல் கிளையைக் காப்பது

டென்மார்க்கில் வீடுகளுக்கு மின்சாரமும் குளிர்கால வெப்பமும் தரும் நிறுவனங்கள், தங்கள் கணினி வலைகளைக் கண்காணிக்கக் கூட்டாக ஓர் அமைப்பை வைத்திருக்கின்றன. செக்டார்செர்ட் என்பது அதன் பெயர். 2023 நவம்பரில் அது வெளியிட்ட அறிக்கையைக் கிளை அலுவலகங்கள் வைத்திருக்கும் எவரும் ஒருமுறை படித்துவிட வேண்டும். அந்த ஆண்டு மே மாதத்தில் 22 நிறுவனங்களின் வலைக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். மே 11 அன்று மட்டும் ஒரே வீச்சில் 16 நிறுவனங்கள் குறிவைக்கப்பட்டு, 11 உடனடியாகப் பிடிபட்டன. வாசலில் காவலுக்கு நின்றது ஸைக்செல் நிறுவனத்தின் ஃபயர்வால். இரண்டு ஃபயர்வால்கள் தங்களுக்குள் விபிஎன் என்ற பூட்டிய இணைப்புக்கான பேச்சைத் தொடங்குவதற்கென்று 500 என்ற எண்ணுள்ள போர்ட் உண்டு. அந்த போர்ட்டுக்குச் சூழ்ச்சியாகச் செய்த ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பினால் போதும். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் கருவி அடுத்தவர் கைக்குப் போய்விடும். இந்த ஓட்டையை ஸைக்செல் ஏப்ரல் 25 அன்றே அறிவித்து, அதை அடைக்கும் அப்டேட்டையும் கொடுத்திருந்தது. மே 1 அன்று செக்டார்செர்ட் தன் உறுப்பினர்களை எச்சரித்தது. அதற்குப் பிறகும் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளில் அப்டேட் ஏன் போடப்படவில்லை? இதற்குக் கிடைத்த பதில்கள்தான் அறிக்கையின் உயிர்நாடி. கருவி புதிதாக வாங்கியதுதானே, கடைசி மென்பொருளோடுதான் வந்திருக்கும் என்று சிலர் நம்பியிருந்தார்கள். அதெல்லாம் கருவியை விற்றவர் பார்த்துக்கொள்வார் என்று சிலர் இருந்துவிட்டார்கள். அப்டேட் இலவசம் என்றாலும் அதைப் போட்டுத் தருவதற்கு விற்பனையாளர் கட்டணம் கேட்டதால், வேண்டாம் என்று தெரிந்தே விட்டவர்களும் உண்டு. தங்கள் வலையில் அப்படி ஒரு கருவி இருப்பதே தெரியாதவர்களும் இருந்தார்கள். விளைவாக, சில நிறுவனங்கள் இணையத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு தனித்தீவாக இயங்கின. தொலைவிலுள்ள நிலையங்களை ஊழியர்கள் நேரில் போய்க் கையால் இயக்க நேர்ந்தது. கருவியின் வேகம் குறைவு, வசதிகள் போதாது, மலிவான பிராண்டை வாங்கிவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாப் பதில்களும் போய் நிற்கும் இடம் ஒன்றே. வாங்கி மாட்டிய பிறகு அந்தப் பெட்டிக்கு யார் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்படவில்லை.

கிளைக்கான ஃபயர்வாலைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடைமுறையில் அது விலைப்பட்டியலிலும் வேகக் கணக்கிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டி ஐந்து வருடமாவது கிளையில் இருக்கப்போகிறது. கிளையில் இருப்பவர்கள் காசாளர், விற்பனையாளர், கணக்கர். கணினி வலை தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஆகவே ஐந்து வருடமும் தூரத்திலிருந்து அதைப் பராமரிக்கப்போவது யார், எந்த வழியாக அதைத் தொடப்போகிறார், அந்த வழி அடைபட்டால் என்ன செய்வார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு மாடலைப் பார்த்தால் போதும். தேர்வும் பராமரிப்பும் இரண்டு வேலைகள் என்று நாம் பிரித்து வைத்திருப்பதுதான் பெரும்பாலான சிக்கல்களின் தொடக்கம்.

இந்தப் பெட்டி செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையம் தரும் நிறுவனத்தின் வயர் கிளைக்குள் வந்து ஒரு மோடத்தில் முடிகிறது. அதற்குப் பின்னால், புத்தக அளவில், ஃபயர்வால் உட்கார்ந்திருக்கிறது. தலைமை அலுவலகத்தில் அதைவிடப் பெரிய ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் பார்த்துக்கொண்டு, ஒரு ரகசியச் சாவியை உடன்பட்டு, அதற்கப்பால் தங்களுக்குள் போகும் எல்லாவற்றையும் பூட்டி அனுப்புகின்றன. இதைத்தான் டனல் என்கிறோம். பெரும்பாலான கருவிகள் இதற்கு ஐபிசெக் என்ற பொது முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் சாவி பேசும் பகுதியின் இரண்டாம் பதிப்பான ஐகேஇவி2 வந்து இருபது வருடம் ஆகிறது, புதிய இணைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். டனல் நன்றாக இருந்தால் கிளையில் பில் போடும் கணினிக்குத் தலைமை அலுவலக சர்வர் பக்கத்திலேயே இருக்கிறது. டனல் போனால் கிளையில் வியாபாரம் நிற்கும்.

வேகக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்குபவரின் கவனத்தை அதுதான் முழுதாகத் தின்றுவிடுகிறது. ஃபோர்ட்டினெட்டின் ஃபோர்ட்டிகேட் 40எஃப் கிளைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் பெட்டி. அதன் விவரத்தாளில் ஃபயர்வால் வேகம் வினாடிக்கு 5 ஜிகாபிட் என்று இருக்கும். அதே தாளில் சற்றுக் கீழே, வைரஸ் பரிசோதனை, ஊடுருவல் தடுப்பு எல்லாவற்றையும் இயக்கியபிறகு கிடைக்கும் வேகம் 600 மெகாபிட் என்று இருக்கும். எட்டில் ஒரு பங்கு. இதில் மறைப்பு எதுவும் இல்லை, இரண்டும் ஒரே தாளில் அச்சாகியிருக்கின்றன; எந்த வரியைப் படிப்பது என்பது வாங்குபவர் பொறுப்பு. எல்லா நிறுவனங்களின் தாள்களும் இப்படித்தான். அந்தக் கீழ் வரியே 100 மெகாபிட் பிராட்பேண்ட் உள்ள கிளைக்குத் தாராளமாகப் போதும் என்பதையும் கவனிக்க வேண்டும். வேகம் உண்மையில் பொருட்படுத்த வேண்டியது தலைமை அலுவலகப் பெட்டியில்தான். முப்பது கிளைகள் இருந்தால் அத்தனை டனல்களும் அங்கே வந்து சேர்கின்றன. கிளைகள் கொடுப்பதையெல்லாம் அது ஒன்றே திறந்து பூட்ட வேண்டும். கிளைக்குப் பெரியது, தலைமைக்கு மிச்சமிருந்த பணத்தில் கிடைத்தது என்று வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இனி நிர்வாக வழி. ஒவ்வொரு ஃபயர்வாலுக்கும் ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு. பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் எல்லா அமைப்புகளையும் மாற்றலாம். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மிக எளிய வழி, இந்தப் பக்கத்தை இணையத்தின் பக்கமாகத் திறந்துவிடுவது. ஒரு டிக் போட்டால் முடிந்தது. மிக அதிகமான கேடு வந்ததும் இந்த டிக் வழியாகத்தான். 2022 பிப்ரவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து சைக்ளாப்ஸ் பிளிங்க் என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தன. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த சாண்ட்வார்ம் குழு, வாட்ச்கார்டு நிறுவனத்தின் ஃபயர்வால்களில் அதை விதைத்திருந்தது. வாட்ச்கார்டின் மதிப்பீட்டின்படி பாதிக்கப்பட்டவை பயன்பாட்டிலிருந்த கருவிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. அவை நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்கு வரம்பின்றித் திறந்து வைத்திருந்த கருவிகள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தப் பக்கம் மூடித்தான் இருந்தது. வசதிக்காக யாரோ திறந்தார்கள். 2024 நவம்பரில் பாலோ ஆல்ட்டோ கருவிகளிலும், 2025 ஜனவரியில் ஃபோர்ட்டினெட் கருவிகளிலும் பாஸ்வேர்டு இல்லாமலே நிர்வாகியாக நுழையும் ஓட்டைகள் வெளிவந்தன. இரண்டு முறையும் முதலில் அடிவாங்கியவை நிர்வாகப் பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டிருந்தவையே. நான்கு வருடத்துக்குள் வெவ்வேறு மூன்று நிறுவனங்களின் கருவிகளில் ஒரே கதை நடந்திருக்கிறது. ஆகவே இது ஒரு பிராண்டின் குறை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, 2023 ஜூன் 13 அன்று இதை ஆணையாகவே பிறப்பித்தது. நடுவண் அரசுத் துறைகள் இணையத்துக்குத் தெரியும் நிர்வாகப் பக்கத்தைக் கண்டறிந்த 14 நாளுக்குள் அதை உள்ளே இழுக்க வேண்டும், அல்லது தனிக் காவலுக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

நிர்வாகப் பக்கத்தை மூடிவிட்டு, பொறியாளர்கள் வீட்டிலிருந்து நுழைவதற்கு எஸ்எஸ்எல் விபிஎன் பக்கத்தைத் திறந்து வைப்பதும் வழக்கம். அதுவும் இணையத்தில் நிற்கும் ஒரு வாசல்தான். 2021 செப்டம்பரில் ஏறக்குறைய 87,000 ஃபோர்ட்டிகேட் கருவிகளின் எஸ்எஸ்எல் விபிஎன் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் வெளியே கொட்டப்பட்டன; 2019 மே மாதத்திலேயே அடைக்கப்பட்ட ஓட்டை வழியாகத் திருடியவை அவை. நார்வேயின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2024 மே மாதத்தில், எஸ்எஸ்எல் விபிஎன்னைக் கைவிட்டு ஐபிசெக்குக்கு மாறுங்கள் என்று பரிந்துரைத்தது. புதிதாக வாங்குபவர் இந்த வசதியைக் கணக்கில் எடுக்காமலே மாடலைத் தேர்வது நல்லது.

இங்கே அனுபவமுள்ள எந்தப் பொறியாளரும் ஒரு மறுப்பு சொல்வார். நிர்வாகத்தை டனலுக்குள் மட்டும் வைத்தால், டனல் விழும்போது என்ன செய்வது? கிளையின் ஃபயர்வாலைத் தொட வேண்டிய அவசரம் பெரும்பாலும் டனல் விழுந்த நேரத்தில்தான் வருகிறது. அப்போது உள்வழி இல்லை, வெளிவழியையும் மூடிவிட்டோம்; இருநூறு கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டியதுதான். இந்த மறுப்பில் முழு நியாயம் இருக்கிறது. மிகப் பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் தொலைபேசி நிறுவனத்தில் ஒரு அமைப்பை மாற்றும்போது வடிகட்டி ஒன்று நீக்கப்பட்டு, மைய ரவுட்டர்கள் தாங்கமுடியாத அளவு தகவல் பாய்ந்து வலை முழுவதும் படுத்துவிட்டது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தார்கள். காரணம் எது என்று கண்டுபிடிக்கவே பொறியாளர்களுக்கு 14 மணி நேரம் ஆனது. ஏனென்றால் பழுது பார்ப்பதற்கான நிர்வாக வலையும் அதே மைய வலையின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியதும் ஏறக்குறைய இதே வகை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போய்த்தான் மீட்டார்கள்.

ஆனால் இதிலிருந்து வரும் முடிவு, நிர்வாகப் பக்கத்தை உலகத்துக்குத் திறந்து வை என்பதாக இருக்க முடியாது. இரண்டாவது வழி ஒன்று தேவை, அது முதல் வழியைச் சார்ந்து நிற்கக் கூடாது என்பதே சரியான முடிவு. கிளையில் வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட 4ஜி இணைப்பு ஒன்று இருந்தால் அந்த வழி கிடைத்துவிடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மொபைல் இணைப்புகளில் பெரும்பாலும் கிளைக்கென்று தனிப் பொது முகவரி கிடைக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆகவே வெளியிலிருந்து கிளையைக் கூப்பிட முடியாது, கிளைதான் கூப்பிட வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு ஸ்டேடிக் ஐபி வாங்கி வைத்து, கிளைப்பெட்டி இரண்டு இணைப்புகளிலிருந்தும் தானே அழைத்து டனலை எழுப்பும்படி அமைத்தால் முகவரிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வெளியே திறந்த வாசலும் கிளையில் தேவைப்படாது. உற்பத்தியாளரின் கிளவுட் வழி நிர்வாகமும் இதே முறையில்தான் வேலை செய்கிறது: பெட்டி வெளியே அழைத்துத் தொடர்பில் இருக்கிறது, உத்தரவு அதே தொடர்பில் திரும்பி வருகிறது. இரண்டு வழியும் வாங்க முடியாத மிகச் சிறிய கிளைக்குக்கூட, தலைமை அலுவலகத்தின் ஸ்டேடிக் ஐபி ஒன்றிலிருந்து மட்டும் நிர்வாகப் பக்கம் திறக்கும்படி கட்டுப்படுத்த முடியும். பெரும்பாலான கருவிகளில் அந்த வசதி இருக்கிறது.

வழி இருந்தும் ஒருவர் தன்னைத் தானே வெளியே பூட்டிக்கொள்வது தூர நிர்வாகத்தில் அன்றாடம் நடப்பது. கிளையின் வெளி இணைப்புக்கான விதி ஒன்றை மாற்றுகிறோம். சேமி என்று அழுத்தியதும் திரை அப்படியே நிற்கிறது. நாம் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டிவிட்டோம். இதற்கு மருந்து கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும், வாங்கும்போது விற்பனையாளரிடம் கேட்டுச் செய்துகாட்டச் சொல்ல வேண்டிய வசதி இது. ஜூனிப்பர் கருவிகளில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று ஒரு கட்டளை உண்டு. மாற்றம் அமலுக்கு வரும், ஆனால் பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பெட்டி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொடர்பு அறுந்தவரால் உறுதி செய்ய முடியாது, அதனால் மாற்றம் தானே ரத்தாகிறது. மைக்ரோடிக்கில் ‘சேஃப் மோட்’, ஃபோர்ட்டிகேட்டிலும் கட்டளை வழியாக இதற்கு நிகரான ஒரு ஏற்பாடு. பளபளப்பான டாஷ்போர்டுகளைக் காட்டி விற்பவர்கள் இந்த வசதியை எடுத்துச் சொல்வது அபூர்வம். இது ஒன்றே வருடத்தில் எத்தனையோ பயணங்களை மிச்சப்படுத்தும்.

தூரத்திலிருந்து பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கிளையிலிருந்து போன் வருகிறது: டனல் இருக்கிறது, மென்பொருளின் லாகின் பக்கம் திறக்கிறது, ஆனால் பெரிய அறிக்கை ஒன்றைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிங் கொடுத்துப் பார்த்தால் பதில் வருகிறது. இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டால், எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். சாதாரண வயரில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பிராட்பேண்ட் இணைப்பில் அது 1492 ஆகக் குறைகிறது. டனல் தன் பூட்டுக்கும் முகவரிக்கும் அதிலிருந்து இன்னும் சில பத்து பைட் எடுத்துக்கொள்கிறது. பிங்கும் லாகின் பக்கமும் சிறியவை, நுழைந்துவிடுகின்றன. பெரிய அறிக்கையின் பாக்கெட்டுகள் முழு அளவில் வந்து, நுழைய முடியாமல் சத்தமின்றிக் கைவிடப்படுகின்றன. இரண்டு முனைகளும் தொடக்கத்திலேயே சிறிய அளவுக்கு உடன்படும்படி ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் பெட்டிக்குள் ஓடும் பாக்கெட்டுகளைத் தூரத்திலிருந்து பிடித்துப் பார்க்கும் வசதி இல்லாவிட்டால் இந்தப் பழுதுக்காகக் கணினியை மாற்றுவார்கள், வயரை மாற்றுவார்கள், கடைசியில் இணைய நிறுவனத்தையே மாற்றுவார்கள். வேக எண்ணைவிட இந்த வசதிக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

முகவரித் திட்டமும் இந்தக் கணக்கில் சேரும். மோடம் வாங்கிய அன்று என்ன இருந்ததோ அதே 192.168.1 என்ற வரிசையை எல்லாக் கிளைகளிலும் விட்டுவைத்தால், டனல் போட்ட நாளில் இரண்டு கிளைகளின் கணினிகளுக்கும் ஒரே முகவரி இருக்கும். எதை எங்கே அனுப்புவது என்று தலைமைப் பெட்டிக்குத் தெரியாது. பதினேழாம் கிளைக்கு 10.1.17, பதினெட்டாம் கிளைக்கு 10.1.18 என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால் பிறகு எந்தப் பழுதுச் செய்தியைப் பார்த்தாலும் கிளையின் பெயர் கண்முன் நிற்கும்.

அடுத்த மறுப்பு கிளவுட் நிர்வாகத்தைப் பற்றியது. எல்லாப் பெட்டிகளையும் உற்பத்தியாளரின் தளத்திலிருந்து நிர்வகித்தால், நம் சாவிக் கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டதாக ஆகாதா? ஆகும், ஒரு பங்காவது. 2025 செப்டம்பரில் சோனிக்வால் நிறுவனத்தின் கிளவுட் பேக்கப் சேவைக்குள் வெளியாட்கள் புகுந்து ஃபயர்வால் அமைப்புக் கோப்புகளை எடுத்தார்கள். பாதிப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு என்று முதலில் சொன்ன நிறுவனம், அக்டோபரில் அந்தச் சேவையைப் பயன்படுத்திய வாடிக்கையாளர் அனைவரின் கோப்புகளும் அணுகப்பட்டன என்று ஒப்புக்கொண்டது. கிளவுட்டுக்கு இன்னொரு பிடியும் உண்டு. சிஸ்கோ மெராக்கியில் கோ-டெர்மினேஷன் என்ற லைசென்ஸ் முறையில் இருப்பவர்கள் புதுப்பிக்கத் தவறினால், 30 நாள் சலுகைக்காலம் முடிந்ததும் பெட்டிகள் வேலையை நிறுத்திவிடும். இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனாலும் வலை தெரிந்தவர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள நிறுவனத்துக்கு நான் கிளவுட் நிர்வாகத்தையே பரிந்துரைப்பேன். முப்பது பெட்டிகளில் எது பழைய மென்பொருளில் ஓடுகிறது என்பதை ஒரே திரையில் காட்டுவது, டென்மார்க்கில் தவறிய நான்கு விஷயங்களில் மூன்றையாவது அடைத்துவிடும். உற்பத்தியாளரை நம்பும் ஆபத்தைக் குறைக்க வழிகள் நம் கையில் இருக்கின்றன. நிர்வாகி லாகினுக்கு இரண்டாம் அடையாளச் சோதனை வைக்கலாம். எல்லாக் கிளைக்கும் ஒரே டனல் சாவியைப் போடாமல் கிளைக்கு ஒன்றாகவோ சான்றிதழ் முறையிலோ வைத்தால், ஒரு கோப்பு கசிந்தாலும் அந்த ஒரு கிளையின் சாவியை மாற்றினால் போதும். அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றை நம் பொறுப்பில், பாஸ்வேர்டு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் முடியும் தேதி வாங்கியவரின் மின்னஞ்சலில் மட்டும் இல்லாமல் கணக்குப் பிரிவின் காலண்டரிலும் இருக்க வேண்டும்.

தானியங்கி அப்டேட்டை எதிர்ப்பவர்களின் வாதமும் கேட்கத் தகுந்தது. 2025 ஜனவரி 24 இரவில் ஸைக்செல் அனுப்பிய ஒரு அடையாளப் பட்டியல் (சிக்னேச்சர்) அப்டேட்டில் பிழை இருந்தது. பல ஃபயர்வால்கள் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. மீட்க ஒரே வழி, கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு பெட்டி இருக்கும் இடத்துக்கே போவது. கிளைகள் நிறைய உள்ளவர்களுக்கு அந்த வார இறுதி எப்படிப் போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கத்தில் 2020 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். சோஃபோஸ் எக்ஸ்ஜி ஃபயர்வால்களில் யாருக்கும் தெரியாத ஓட்டை வழியாகத் தாக்குதல் தொடங்கியிருந்தது. அமெரிக்க நீதித்துறையின் குற்றப்பத்திரிகை பிற்பாடு குறிப்பிட்ட எண்ணிக்கை சுமார் 81,000 கருவிகள். சோஃபோஸ் சில நாளுக்குள் ஹாட்ஃபிக்ஸ் எனப்படும் சிறு திருத்தத்தை நேரடியாகக் கருவிகளுக்கு அனுப்பியது. தானாக ஏற்கும்படி வைத்திருந்தவர்கள் தூங்கி எழுவதற்குள் ஓட்டை அடைபட்டிருந்தது. இரண்டையும் தராசில் வைத்தால் என் தட்டு தானியங்கியின் பக்கமே சாய்கிறது. பிழையான அப்டேட் ஒருநாள் வியாபாரத்தைக் கெடுக்கும். போடாத அப்டேட் வழியாக வருபவர் கிளையிலிருந்து டனல் வழியே தலைமை சர்வருக்கு வருவார். நடுவழியும் இருக்கிறது: பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக விட்டுவிட்டு, பெரிய பதிப்பு மாற்றங்களை மட்டும் முதலில் தலைமை அலுவலகத்துக்கு அருகிலுள்ள ஒரு கிளையில் போட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். பழைய பதிப்பையும் உள்ளே வைத்திருந்து ரீஸ்டார்ட்டில் அதற்குத் திரும்பக்கூடிய பெட்டியாக இருப்பது நல்லது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் எல்லா ஏற்பாடும் வீண், ஆகவே பெட்டியும் மோடமும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

சிறு நிறுவனங்களுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பார்கள். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருள்களைச் சாதாரணக் கணினிப் பெட்டியில் ஏற்றி நன்றாகவே கிளை விபிஎன் நடத்தலாம். லைசென்ஸ் பணம் இல்லை. ஆனால் அப்டேட் அறிவிப்பை வாராவாரம் படிக்கும் ஆள் நிறுவனத்தில் நிலையாக இருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன இளைஞர் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தபிறகு அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டுகூட யாருக்கும் தெரியாமல் போவதுண்டு. கிளவுட் மென்பொருள் வந்துவிட்டதே, கிளைகளுக்கு இனி விபிஎன்னே எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. பில்லிங்கும் மெயிலும் முழுக்கக் கிளவுட்டுக்குப் போன நிறுவனத்துக்கு அது நல்ல கேள்வி. அப்போதும் வருகைப்பதிவுக் கருவி, கண்காணிப்பு கேமரா, பிரிண்டர் எல்லாம் கிளையிலேயே இருக்கும். அவை தங்களைக் காத்துக்கொள்ளத் தெரியாதவை. டனலை நீக்கினாலும் வாசலில் ஒரு பெட்டி தேவை, அதற்குப் பொறுப்பாளரும் தேவை.

இந்தியாவில் நடத்துபவர்களுக்குச் சட்டத்தின் கேள்வியும் உண்டு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கருவிகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கிளைக்கு வாங்கும் சிறு பெட்டிகள் பலவற்றில் பதிவுகளைச் சேமிக்க டிஸ்க்கே கிடையாது. கரண்ட் போனால் நேற்று நடந்தது அழிந்துவிடும். தலைமை அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கணினியை ஒதுக்கி, எல்லாக் கிளைகளின் பதிவுகளையும் டனல் வழியே அங்கே சேர்த்தால் போதும். பெட்டிகளின் கடிகாரம் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருக்கிறது. இல்லாவிட்டால் எந்தக் கிளையில் முதலில் தொடங்கியது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

மாடலைத் தேர்வதற்கு முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது, உற்பத்தியாளர் அதற்கு எந்த வருடம்வரை பாதுகாப்புத் திருத்தம் தருவார் என்ற தேதி. பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்கியவருக்கு அதில் இரண்டு வருடமே மிச்சமிருக்கலாம். அந்தத் தேதி வந்ததும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது பழையதைத் துடைக்காமல் விற்கக் கூடாது. இசெட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பழைய சந்தையில் வாங்கிச் சோதித்த 16 ரவுட்டர்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய உரிமையாளரின் விபிஎன் விவரங்கள் போன்ற அமைப்புத் தகவல்கள் அப்படியே இருந்தன. தலைமை அலுவலகப் பெட்டி அந்தச் சாவியை இன்னும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தால், பழைய கருவியை வாங்கியவருக்கு டனல் திறந்துவிடும். ஆகவே வேலை இரண்டு இடத்தில் முடிய வேண்டும். கிளையில் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டும், தலைமையில் அந்தக் கிளையின் பழைய சாவியையோ சான்றிதழையோ ரத்து செய்ய வேண்டும். இரண்டாவதை அதே நாளில், வேனில் பெட்டி ஏறுவதற்கு முன் செய்துவிட வேண்டும்.